பெல்ட்டு எத்திராஜ்

பையில கல்லாம்மா? அப்பவே நெனச்சேன். மேல ரேக்குல வைக்காம காலடியில வச்சிக்கினீங்களே, அந்தக் கனத்துக்கு வேற இன்னா இருக்கப்போவுது. எடுங்க பாக்கலாம். வண்டிதான் நின்னுபோச்சே. சிக்னல் எப்ப விழுமோ. கதவாண்டயும் ஆளுங்க, நடுவுலயும் ஆளுங்க, எழுந்து கால நீட்டக்கூட எடமில்ல. கொடுங்க.

இத எங்க எடுத்தீங்க? நெனச்சேன், பழைய சுரங்கத்து சாஃப்ட்டுக்குப் பின்னால இருக்கிற குவியல்லதானே. கருங்கல்லு மாதிரி இருக்கும், ஆனா அது வேற. சும்மா தட்டினா இரும்பு மாதிரி சத்தம் குடுக்கும். இருநூத்தம்பது கோடி வருசத்துக்கு முன்னால கடலுக்கு அடியில கொட்டின எரிமலைக் குழம்புன்னு எங்க ஜியாலஜி ஐயா ஒருத்தர் சொல்வாரு. அப்ப மீனே கெடையாதாம், புல்லே கெடையாதாம். நாங்க சிரிப்போம். நீங்களும் அதான் படிக்கிறீங்களா? நல்லது.

இதுல ஓடுது பாருங்க வெள்ளக் கோடு, இதான் சமாச்சாரம். இந்தக் கோடு கீழ போகப்போக ஒரு முழம், ஒரு ஆள் அகலம்னு பெருத்துக்கினே போவும். நேரா எறங்காது. செவுரு சாஞ்ச மாதிரி மேக்கால சாஞ்சிக்கினே ரெண்டு மைல் ஆழம் வரைக்கும் போவுது. தங்கம் அதுக்குள்ளதான். கண்ணுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருசம் கீழ வேல செஞ்சேன், கண்ணால தங்கம் பாத்தது ரெண்டே தடவ. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கேட்டா நம்ப மாட்டாங்க.

வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாலயே யாரோ வந்து நோண்டியிருக்காங்க. கல்லு மேல நெருப்பு மூட்டி, தண்ணிய ஊத்தி, வெடிக்க வச்சி எடுத்துக்கினு போயிருக்காங்க. அவங்க வச்ச கரி கூடக் கெடச்சிதாம். அப்புறம்தான் வெள்ளைக்காரன், மிஷினு, கரண்ட்டு. எங்க தாத்தா குடியாத்தத்துல பஞ்சம்னு வந்தவரு. அவரு, எங்கப்பன், நானு. மூணு தலமொற அந்த ஒரு கோட்டுக்குப் பின்னாலயே எறங்கினோம். அப்புறம் மூடிட்டாங்க. ஊரு மட்டும் மேல நிக்குது.

என் பேரு பாக்கியநாதன். மரம் வைக்கிற வேல. கல்ல எடுத்த எடத்துல கூர வந்து உக்காராம கட்டையடிச்சி முட்டுக் குடுக்கிறது. கல்லப் பாத்தா இது நிக்கும், இது வராதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கண்ணு மட்டும் சாமி குடுத்தது.

பாறை வெடிக்கிறதப் பத்திப் படிச்சிருப்பீங்க. நாங்க ஏர்பிளாஸ்ட்டும்போம். மேல ரெண்டு மைல் கல்லு உக்காந்திருக்குது. நடுவுல வெள்ளக் கல்ல எடுத்துட்டா மீதி நிக்கிற கல்லுதானே பாரம் மொத்தமும் தாங்கணும்? தாங்கும். வருசக்கணக்கா தாங்கும். ஒரு நாளு தாங்காது. அதுல யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. மேல வீட்டுல கெடக்கிற பாத்திரமெல்லாம் ஆடும். பொம்பளைங்க அடுப்ப அணைச்சிட்டு சாஃப்ட்டாண்ட ஓடி வருவாங்க. யார் வீட்டு ஆளு கீழ இருக்கான்னு பாக்க.

எம்பத்தாறுல எங்களுக்கு வந்துச்சு. ஆடி மாசம், காலை ஷிப்ட். நாங்க மூணு பேரு. நானு, எத்திராஜ், தாமோதரம் மேஸ்திரி. எத்திராஜ் எனக்கு எதிர் வூடு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். அவனுக்கு அப்பதான் பேர்ணாம்பட்டுல பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணியிருந்தாங்க. மேஸ்திரிக்கு நாப்பது வயசு இருக்கும். கல்யாணமாயி பன்னண்டு வருசம் கழிச்சி அவரு சம்சாரம் சுகுணாக்கா அப்பதான் ஏழு மாசம்.

மேஸ்திரி எங்களுக்கு முன்னால பத்தடி தள்ளிப் போனாரு. சத்தம்னு ஒண்ணும் கேக்கல, அதான் ஆச்சரியம். காது அப்படியே அடைச்சிக்கிச்சு. யாரோ முதுகுல கையவச்சித் தள்ளின மாதிரி. கண்ணத் தொறந்தா தூசி. முன்னால பாறை, பின்னால பாறை. நடுவுல இந்த ரெண்டு சீட்டு இருக்குதே, நீங்க உக்காந்திருக்கிறதும் நான் உக்காந்திருக்கிறதும், அவ்ளோதான் எடம். நிமிந்து நிக்க முடியாது. செவுத்துல கைய வச்சா சுடுது. அந்த ஆழத்துல கல்லே கொதிக்கும். மிஷினுக்குப் போற காத்துக் குழாய் ஒடஞ்சி உஸ்ஸுன்னு வந்துக்கினே இருந்துச்சு. அந்தக் காத்துதான் எங்க உசுரு.

மேஸ்திரி அந்த நிமிசமே போயிட்டாரு. பாவம், கஷ்டப்படல. எத்திராஜ்தான் தாங்கல. பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டான். கத்தறான், அழுவுறான், முன்னால இருக்கிற பாறைய வெறுங்கையால பொறாண்டுறான். நகம் பேந்து ரத்தம் கொட்டுது. அங்க ஒரு கல்லு, அரிசி மூட்ட அளவு, அதுதான் மொத்தத்தையும் புடிச்சிக்கினு நிக்குது. அதப் போயி இழுக்கிறான். எடுத்தா நாங்களும் அவுட்டு. நான் சொல்றேன், கேக்கல. கன்னத்துல அறஞ்சேன், கேக்கல. கடைசியில அவனக் கவுத்துப் போட்டு, மேல ஏறி உக்காந்து, தலை லைட்டுக்கு இடுப்புல கட்டுற என் பேட்டரி பெல்ட்ட அவுத்து அவன் ரெண்டு கையையும் பின்னால சேத்துக் கட்டினேன். மறுநாள் சாயங்காலம் வந்து எடுத்தாங்க. முப்பத்துமூணு மணி நேரம். ரெண்டு பேரும் உசுரோட வந்தோம்.

ஆஸ்பத்திரியிலயே ஆபீசருங்க வந்துட்டாங்க, சங்கத்து ஆளுங்க வந்தாங்க. இன்னாப்பா நடந்துச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு. ஒரு வாட்ச்சு குடுத்தாங்க. அப்புறம் வருசா வருசம் அந்தத் தேதியில கிளப்புல கூட்டம் போடுவாங்க, மேஸ்திரி போட்டோவுக்கு மாலை போட்டு. என்னை மேடையில ஏத்தி சொல்லச் சொல்வாங்க. நான் பெல்ட்டு கட்டினதச் சொல்றப்ப ஜனங்க அப்படியே அசையாம கேக்கும். எத்திராஜ் கத்தின மாதிரி நான் கத்திக் காமிச்சா சின்னப் புள்ளைங்க சிரிக்கும். நானும் தமாஷாத்தான் சொல்வேன். அவன் மேல எனக்கு வேற ஒண்ணும் இல்ல.

அவனுக்கு அதுலேருந்து பெல்ட்டு எத்திராஜ்னு பேரு வந்துபோச்சு. நான் வைக்கல. ஊர்ல யாரோ வச்சாங்க. கீழ எறங்க மாட்டேன்னுட்டான், மேல கல்லு ஒடைக்கிற எடத்துல வேல குடுத்தாங்க. பேர்ணாம்பட்டுப் பொண்ணு வூட்டுக்காரங்க விசாரிச்சிட்டு, மூள கலங்கினவனாமே, வேணாம்னுட்டாங்க. அப்புறம் அவன் கட்டிக்கவே இல்ல. அவன் தலையெழுத்து, நான் இன்னா பண்றது.

ஆனா ஒண்ணும்மா. அன்னியிலேருந்து அவன் என்கூடப் பேசல. எதிர் வூடு. காலையில நான் கதவத் தொறந்தா அவன் கதவு. ஒரே கொழாயில தண்ணி. என் சம்சாரம் ரீட்டா செத்தப்ப வந்தான், பொணத்தத் தூக்கினான், என்னைப் பாத்து ஒரு வார்த்தை இல்ல. முப்பத்தெட்டு வருசம். உசுரக் காப்பாத்தினவன்கிட்ட இப்படியா இருப்பாங்க? நீங்களே சொல்லுங்க.

இன்னா கேட்டீங்க?

எத்திராஜ் ஏன் அந்தப் பக்கமாவே பொறாண்டினான்னா? பயத்துலதாம்மா. பயந்தவனுக்கு எந்தப் பக்கம்னு தெரியுமா.

இல்ல, நீங்க கேக்கிறது புரியுது. வெளிய போற வழி பின்னால. மேஸ்திரி இருந்தது முன்னால. வெளிய போவணும்னு தவிக்கிறவன் பின்னாலதானே நோண்டுவான். முப்பத்தெட்டு வருசமா எவனும் இதக் கேக்கல. கூட்டத்துல அத்தினி பேரும் கீழ வேல செஞ்சவனுங்க, வழி எந்தப் பக்கம்னு தெரிஞ்சவனுங்க. ஒருத்தன் கேக்கல.

சிக்னல் இன்னும் விழல. தண்ணி இருக்குதாம்மா? ஒரு வாய் குடுங்க.

மேஸ்திரி உசுரோட இருந்தாரு.

தூசி அடங்கினதும் குரல் வந்துச்சு. பாறைக்கு அந்தாண்ட. காலு மாட்டிக்கிச்சுன்னாரு. எத்தி, வெளிச்சம் தெரியுதாடான்னாரு. நாலடிதான் இருக்கும் நடுவுல. எத்திராஜ் உடனே நோண்ட ஆரம்பிச்சிட்டான். சின்னக் கல்லுங்கள எடுத்தான், அதுவரைக்கும் நானும் எடுத்தேன். அப்புறம் அந்த அரிசி மூட்டக் கல்லு. அதுல கைய வச்சதும் மேல கறக்குன்னு ஒரு சத்தம். எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இத எடுத்தா கூர வரும். மூணு பேரும் போவோம். சொன்னேன். அவன், அவரு கூப்புடறாருடா, கூப்புடறாருடான்னு அழுதுக்கினே இழுக்கிறான். அப்பதான் கட்டினேன்.

நான் செஞ்சது சரி. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். நீங்க படிச்சவங்க, உங்க காலேஜுல எவரையாவது கேட்டுப் பாருங்க. ரெண்டு மைல் ஆழத்துல, பாரம் ஏறின கூரைக்கு அடியில, முட்டாயிருக்கிற கல்ல எடுக்கலாமான்னு. வேணாம்னுதான் சொல்வாங்க.

ஏழு மணி நேரம் பேசினாரு. வாட்ச்சு எத்திராஜ்கிட்ட இருந்துச்சு, அதான் தெரியும். அவன் கை கட்டியிருந்தும் உருண்டுக்கினே போயி அந்த இடுக்காண்ட மொகத்த வச்சிக்கினான். ரெண்டு பேரும் பேசிக்கினே இருந்தாங்க. நான் இந்தாண்ட கோடியில உக்காந்திருந்தேன். காத்துக் குழாய் சத்தத்துல ஒண்ணும் சரியாக் கேக்கல. நடுவுல என் பேரக் கூப்பிட்டாரு. பாக்கியம்னாரு. கொஞ்ச நேரம் வுட்டு மறுபடியும், பாக்கியம், இங்க வாப்பான்னாரு.

ரெண்டு காதையும் மூடிக்கினேன். எத்திராஜ் என்னைப் பாத்துக்கினேதான் இருந்தான். வாய் அசையறது தெரியுது, போடா, கூப்புடறாருடான்னு. நான் கைய எடுக்கல. காப்பாத்துன்னு கெஞ்சுவாரு, அத எப்படிம்மா கேக்கிறது? கேட்டா நான் அந்தக் கல்ல எடுத்திருப்பேன். அப்புறம் பாத்தா அவன் தலைய மண்ணுல சாச்சிட்டான். நான் கைய எடுத்தேன். காத்துக் கொழாய் சத்தம் மட்டும் வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்கு சுகுணாக்கா வயித்தப் புடிச்சிக்கினு வந்துச்சு. மொதல்ல என் கட்டிலாண்டதான் வந்துச்சு. பாக்கியம், ரொம்ப வேதனப்பட்டாரான்னு கேட்டுச்சு. ஏழு மாசம்மா. இன்னான்னு சொல்வீங்க? இல்லக்கா, அந்த நிமிசமே போயிட்டாருன்னேன். பக்கத்துக் கட்டில்ல எத்திராஜ். வாயத் தொறந்தான். அக்கா மொகத்தப் பாத்தான். மூடிக்கினான். சரி, அவனும் ஒத்துக்கினான்னு நெனச்சேன்.

அப்புறம் ஆபீசர் வந்து கேக்கிறாரு. இவன் கையில இன்னாய்யா இவ்ளோ காயம்னு. மேஸ்திரி மொதல்லயே போயிட்டாருன்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல நான் இன்னான்னு சொல்றது? பயத்துல பொறாண்டினான் சார்னேன். அதத் தாண்டி நான் ஒண்ணும் திட்டம் போட்டுச் செய்யல. ஒண்ணச் சொன்னேன், அதுக்கு ஒத்த மாதிரி இன்னொண்ணு வந்துச்சு. மறு வருசம் மேடையில அதையே சொன்னேன். அதுக்கு மறு வருசமும். அப்புறம் எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி ஆயிடுச்சு. பாதி நேரம் மேஸ்திரி குரலே ஞாபகத்துல இருக்காது.

சுகுணாக்கா வருசா வருசம் கூட்டத்துக்கு வரும். மொத வரிசை. பொண்ண மடியில வச்சிக்கினு வந்துச்சு, அப்புறம் கையில புடிச்சிக்கினு, அப்புறம் தனியா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் என் மொகத்தையே பாத்துக்கினு இருக்கும். பாவம், புருசன் கதைய இன்னொருக்கா கேக்கிறதுக்கு வருதுன்னு நெனப்பேன். அதுக்காகவே நல்லாச் சொல்வேன்.

போன மாசம் அக்கா பெங்களூருக்கே போயிடுச்சு, பொண்ணு வூட்டோட. போறதுக்கு முன்னால எங்க குடியிருப்பு லைன்ல ஒவ்வொரு வூடா சொல்லிக்கினு வந்துச்சு. என் வூட்டுக்கும் வந்துச்சு. டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு, பாக்கியம், கடைசியா ஒருக்கா அதச் சொல்லேன்னுச்சு. மேடையில சொல்ற மாதிரியே சொன்னேன். அந்த நிமிசமே போயிட்டாருங்கிற எடத்துல அக்கா கண்ண மூடிக்கிச்சு. முடிச்சேன்.

டம்ளரக் கீழ வச்சிட்டுச் சொல்லுச்சு. பாக்கியம், அவரு ஏழு மணி நேரம் பேசினது எனக்குத் தெரியும். பதினாறாம் நாளு எத்திராஜ் வந்து எல்லாம் சொல்லிட்டான். பொண்ணு பொறந்தா எங்கம்மா பேர வை, கற்பகம்னு சொல்லியிருக்காரு. மழைக்கு முன்னால கூரத் தகரத்துக்கு ஆணி அடிக்கச் சொல்லியிருக்காரு. எத்திராஜே வந்து ஏறி அடிச்சிட்டுப் போனான், நீ உன் வாசல்ல நின்னு பாத்துக்கினுதான் இருந்தே.

அப்ப எதுக்குக்கா வருசா வருசம் வந்து உக்காந்தேன்னு கேட்டேன்.

உன் பேரக் கூப்பிட்டாராமே ரெண்டு தடவன்னுச்சு.

நான் டம்ளர எடுக்கக் குனிஞ்சேன்.

எதுக்குன்னு தெரியுமா. நீ வரலன்ன ஒடனே எத்திராஜ்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு. பாக்கியம் சொல்றதுதான் சரி, எனக்கும் அந்தக் கல்லு தெரியுது, எவனும் தொடாதீங்க. அவன் மனசுல வச்சிக்கப் போறான், அவனாண்ட சொல்லிடுன்னு. எத்திராஜ் கை கட்டியிருக்கு, உன்னாண்ட கத்திக் கத்திப் பாத்திருக்கான். நீ காதுலேருந்து கைய எடுக்கலியாம். அவரு போனப்புறம் அவன் கோவத்துல உன்னாண்ட வாயே தொறக்கல. மேல வந்ததும் சொல்லலாம்னா, நீ அதுக்குள்ள என்கிட்ட ஒண்ணு சொல்லிட்ட, ஊரு பூரா ஒண்ணு சொல்லிட்ட. அவன் வாயால நெசத்தச் சொல்லட்டும்க்கா, சொன்னா நானே போயி இதச் சொல்றேன்னான். நானும் அதுக்குத்தான் வந்து உக்காந்தேன். இந்த வருசம் சொல்வே, இந்த வருசம் சொல்வேன்னு. அவரு உசுரோட இருந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அங்கயே எழுந்து சொல்லியிருப்பேன், உன் மேல தப்பில்லப்பான்னு.

அவ்ளோதான் சொல்லுச்சு. கோவமாக் கூடச் சொல்லல. புடவையத் தட்டிக்கினு அடுத்த வூட்டுக்குப் போயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்லன்னு சொன்னா அது சும்மா பேச்சு. தூங்கினேன். காலையில எழுந்து கதவத் தொறந்தா எதிர்ல அவன் கதவு. போயித் தட்டினேன். தொறந்தான். பல்லு வெளக்கிக்கினு இருந்தான், வாயில நொர. நான் வாசல்ல நிக்கிறேன். கொழாயில தண்ணி வருதான்னு கேட்டேன். கொழாய் அவன் பின்னாலயா இருக்குது, எனக்குப் பின்னால தெருவுல இருக்குது. பாத்துட்டு கதவச் சாத்திக்கினான்.

பத்து நாள் கழிச்சி கூட்டம். இப்பல்லாம் முப்பது பேரு வந்தா பெருசு. இன்னிக்குச் சொல்லிடணும்னு போயிட்டேன். பாத்தா, பின் வரிசையில எத்திராஜ். முப்பத்தெட்டு வருசத்துல மொத தடவ. அக்கா சொல்லியிருக்கும். அவன் அங்க உக்காந்து என்னைப் பாக்கிறான். நான் மைக்கப் புடிச்சேன். மேஸ்திரி அந்த நிமிசமே போயிட்டாருன்னு வாய் பாட்டுக்கு ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தணும்னு பாக்கிறேன், முடியல. பெல்ட்டுக்கு வந்தாச்சு. கத்திக் கூடக் காமிச்சேன். கீழ மாட்டிக்கினப்ப கூட அப்படி மூச்சு முட்டல, சத்தியமா. முடிச்சிட்டுப் பாத்தா அவன் நாற்காலி காலி.

இப்பவும் பாருங்க, உங்ககிட்ட மொதல்ல பழசத்தான் சொன்னேன். நீங்க எந்தப் பக்கம்னு கேட்டதாலதான் இது வந்துச்சு.

இன்னிக்கு அக்காவோட பொண்ணு கற்பகம் புது வூட்டுக்குப் பால் காய்ச்சுது. மத்தியானம் சாப்பாடு. லைன்லேருந்து எங்க ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டிருக்குது. ஆமா, ரெண்டு பேருன்னா நானும் அவனும். ஸ்டேஷன்ல தனித்தனியாத்தான் ஏறினோம். இந்தப் பொட்டியிலதான் எடம் இருந்துச்சு. எனக்குப் பின் சீட்டுல, எனக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கான். வெள்ளச் சட்ட, மடியில பழப் பை. நான் திரும்பிப் பாக்கல. ஆனா அவன் தலைக்கும் என் தலைக்கும் நடுவுல இந்தப் பலகைதான்.

ஒண்ணும் வுடாம கேட்டிருப்பான்.

நீங்க அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்க. எழுந்துட்டானா? வண்டி அசையுது, எறங்கிடுவானோ. இல்லயா? பைய எடுத்துக்கினானா? இந்தப் பக்கமா வர்றானா?

கல்ல எடுத்துக் கீழ வச்சிட்டு, கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. அவனுக்கு எடம் வேணும்.